தடுப்பைத் தாண்டாத எலிகள்

இந்த விவரத்தை இருபத்துமூன்று வருடங்களாகச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவன் நானே என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. டி எழுத்து மாதிரி ஒரு மரப்பாதை. இடதுபக்கக் கடைசியில் இரண்டு துண்டுத் தீனி, வலதுபக்கக் கடைசியில் நான்கு துண்டு. அந்த நான்கைத் தின்ன வேண்டுமென்றால் நடுவில் ஒரு சாண் உயரக் கம்பிவலைத் தடுப்பை ஏறித் தாண்ட வேண்டும். பட்டினி போட்ட எலி ஏறும். நல்ல எலிகள் எல்லாம் ஏறின. மூளைக்குள் ஒரு துளி நஞ்சை இறக்கி, பார்க்கின்சன் நோயின் ஆரம்பத்தை நாங்களே உண்டாக்கிய பன்னிரண்டு எலிகளில் ஒன்பது ஏறவில்லை. திருப்பத்தில் நின்று வலதுபக்கம் பார்த்தன, இடதுபக்கம் போய் இரண்டு துண்டைத் தின்றன, முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. கால்களில் குறையில்லை, அதைத் தனியாகச் சோதித்திருந்தோம். ஆகவே எழுதினேன்: ஏற முடியாததால் அல்ல, ஏற மனமில்லாததால். அந்த ஒரு வரி என்னை மூன்று நாடுகளுக்கு அழைத்துப்போனது, பேராசிரியராக்கியது, இப்போது சென்னையில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், நரம்பியல் பிரிவுக்கு வெளியே எஃகு நாற்காலியில், சட்டைப்பையில் நான்காக மடித்த ஒப்புதல் படிவத்தோடு உட்காரவைத்திருக்கிறது. பலகையில் சிவப்பாகப் பத்தொன்பது எரிகிறது. எங்கள் எண் இருபத்தேழு.

பக்கத்தில் என் மனைவி செண்பகவல்லி. வலதுகையின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டே இருக்கின்றன, யாருக்கோ மாத்திரை உருட்டித் தருவதுபோல. முகத்தில் அசைவில்லை. ஆறு வருடத்தில் முகம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயிற்று, தெரியாதவர்கள் கோபக்காரி என்று நினைத்து ஒதுங்கி உட்காருகிறார்கள். எதிர்ச்சுவரில் சத்தமில்லாத டிவியில் ஒருத்தி எதையோ பொரித்துக்கொண்டிருக்கிறாள், செண்பகம் அதைப் பார்க்கிறாள், அல்லது அந்தத் திசையில் முகத்தை வைத்திருக்கிறாள், எது என்று எனக்குத் தெரியாது, தெரியும் என்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மண்டையில் இரண்டு துளை போட்டு, மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பிகள் இறக்கி, மார்புத் தோலுக்கடியில் பேட்டரி வைக்க வேண்டும். போன வாரம் டாக்டர் பிரகலாதன் பொறுமையாக, நன்றாகவே, படம் போட்டு விளக்கினார். செண்பகம் சொன்னது ஒரே வார்த்தை, வேண்டாம். "ஏம்மா? கை ஆடறது குறையும், நடை சரியாகும்." "இருக்கட்டும் டாக்டர்." ரத்த அழுத்தம் பார்க்க அவளை நர்சோடு வெளியே அனுப்பிவிட்டு என் பக்கம் குனிந்தார். "சார், உங்களுக்குத் தெரியாததா. இது அவங்க சொல்றதா, வியாதி சொல்றதா? உங்க பேப்பரப் படிச்சிட்டுதான் நான் இந்தப் பக்கமே வந்தேன். அம்மா தடுப்பு வரைக்கும் வந்து திரும்பிடறாங்க, அவ்ளோதான் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட்டுடுவாங்க." சிரித்தார். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன். அந்தப் பையனுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும், என் வாயிலிருந்து விழுந்ததை எடுத்துத் துடைத்து எனக்கே திருப்பிக் கொடுக்கிறான், நான் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன். ஆட்டோவில் திரும்பும்போது செண்பகம் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள், "நீங்க போடச் சொன்னா போடுறேன்." அவள் போடுவாள். முப்பத்தொரு வருடமாக நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இன்று படிவம் கொடுத்தால் அடுத்த புதன்கிழமை அறுவை. நான் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பலகையில் இருபத்தொன்று.

மனமின்மை. எவ்வளவு வசதியான சொல். வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் ஒரு மேசைபோல எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. அவள் சாப்பாட்டை ஒதுக்கினால் மனமின்மை, கோயிலுக்கு வரவில்லையென்றால் மனமின்மை, என்னோடு பேசவில்லையென்றாலும் அதுதான், நான் பேசும்படி இல்லை என்பதற்கு அந்த மேசையில் இடமில்லை. போன தையில் கோவில்பட்டியில் என் தங்கை மகள் கல்யாணம். செண்பகம் வேண்டாம் என்றாள். நான் வியாதியோடு வாதாட வேண்டாம், நாமே முடிவெடுத்துக் கூட்டிப்போனால் அங்கே போய்ச் சரியாகிவிடுவாள் என்று டிக்கெட் எடுத்தேன். தூண்டிவிட வேண்டும், தடுப்பைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், இப்படியெல்லாம் எனக்குள்ளேயே பேசிக்கொண்டு பெட்டி கட்டினேன். மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் எழுந்து அட்சதை போட்டார்கள், இவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. என் தங்கை வந்து, "மதினி, எந்திரிங்க, ஒரு நிமிசம்தான்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நாற்காலிக்குக் கீழே நனைந்திருந்தது. ஒரு குழந்தை அதைக் காட்டிச் சத்தமாகக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எவ்வளவோ தேவலை. என் தங்கை தன் புதுப்பட்டு முந்தானையால் துடைக்கக் குனிந்தாள், நான் எங்கோ வாளி தேடுவதுபோல நடந்தேன். ரயிலில் திரும்பும்போது விருதுநகர் தாண்டியதும் செண்பகம் சொன்னாள், "நான் வேண்டாம்னு சொன்னேன்ல." அவ்வளவுதான். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, குரலும் முகத்தைப் போல ஆகிவிட்டது. அவளுக்கு அவள் உடம்பு தெரிந்திருந்தது, ரயிலில் எத்தனை மணி நேரம், மண்டபத்தில் கழிப்பறை எத்தனை படி கீழே, புடவையை யார் பிடிப்பார்கள், எல்லாவற்றையும் யோசித்து எடுத்த முடிவு அந்த வேண்டாம். முழுதாக யோசித்த முடிவு. நான்தான் பாதி யோசித்தவன். கோபம் வருகிறது, யார்மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன், அந்த மண்டபத்தைக் கட்டியவன்மேல், பிரகலாதன்மேல், சிரிக்காத சொந்தக்காரர்கள்மேல், இதோ பொரித்துக்கொண்டே இருக்கிறாளே அந்த டிவிக்காரிமேல், முடிவில் போய் நிற்பது ஒரு எவர்சில்வர் டம்ளரில்.

அந்த டம்ளர். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக்கூடத்தில், மூன்றாவது வரிசைக் கூண்டுகளுக்குப் பின்னால், சுவரோரம் இருந்தது. இந்த வராந்தாவிலும் அதே வாடைதான், ஸ்பிரிட், ஈரத்தரை, அடியில் எங்கோ மூத்திரம், அதனால்தானோ என்னவோ இங்கே வந்தால் எனக்கு டம்ளர் ஞாபகம் வந்துவிடுகிறது. எலிகளைப் பார்த்துக்கொண்டவர் எட்டியப்பன், மதுராந்தகம் பக்கத்து மனிதர், என்னைவிட எட்டு வயது மூத்தவர், கையுறை போட மாட்டார், "உறை போட்டா அதுக்கு யாருன்னு தெரியாது சார்" என்பார். எலிகளுக்கு நாங்கள் மஞ்சள் சாயத்தில் அடையாளம் வைப்போம், தலையில், முதுகில், வாலில். எது நோய் எலி, எது நல்ல எலி என்று எட்டியப்பனுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் கை சாய்ந்துவிடும், அது விதி. எனக்கும் என் மாணவர்களுக்கும் தெரியாமல் பூட்டிய அலமாரியில் சங்கேதப் பட்டியல் இருந்தது. பட்டியலே தேவைப்படாத ஒரே ஆள் எட்டியப்பன்தான். அறுவைக்குப் பிறகு முதல் வாரம் நோய் எலிகள் தின்னாது, அவற்றுக்குத் தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து விரலால் ஊட்ட வேண்டும். ஊட்டியவருக்குத் தெரியாதா எது எதுவென்று. கொஞ்சம் வெல்லம் சேர்த்துக்கொள்வார். பத்து நாளில் அவை தானாகத் தின்னத் தொடங்கியதும் ஊட்டுவதை நிறுத்த வேண்டும், பிறகு எல்லா எலிகளுக்கும் ஒரே அளவு, ஒரே பட்டினி, காலை ஆறு மணிக்கு எடை, ஒன்பது மணிக்கு மரப்பாதை. எடையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருக்கிறது. ஐந்தாம் வாரம் ஒருநாள் ஏழரைக்கே போய்விட்டேன், பஸ் சீக்கிரம் கிடைத்தது, வேறு காரணமில்லை. கூடத்தில் யாருமில்லை, எட்டியப்பன் பின்பக்கம் உமி கொட்டிக்கொண்டிருந்தார். சுவரோரம் டம்ளர். விளிம்பில் காய்ந்தும் காயாமலும் பிசைந்த தீனி, வெல்ல வாசனை, உள்ளே விரல் வழித்த கோடுகள். ஐந்தாம் வாரம். ஊட்டுவதை நிறுத்தி மூன்று வாரமாகியிருக்க வேண்டும். அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் டம்ளரை எடுத்துக் குழாயடியில் கழுவினேன். விளிம்பில் நகத்தை விட்டுச் சுரண்டிக் கழுவினேன். கவிழ்த்துவைத்தேன். ஒன்பது மணிக்கு மஞ்சள் முதுகு எலி ஒன்று தடுப்பைப் பார்த்துத் திரும்பியது, நான் குறித்துக்கொண்டேன்.

பசியில்லாத எலி தடுப்பு ஏறாது. அதற்குப் பார்க்கின்சன் வேண்டியதில்லை, நானும் ஏற மாட்டேன். பிறகு சமாதானங்கள், அவற்றுக்கும் குறைவில்லை. அது அவர் டீ குடித்த டம்ளராக இருக்கலாம், டீயில் தீனி எப்படி வரும். ஒரே ஒருநாள் ஊட்டியிருக்கலாம். ஒரு விரல் பிசையலில் என்ன பசி அடங்கிவிடும், எலிக்கு அடங்கும், எலியின் வயிறு எவ்வளவு. மூன்று எலிகள் ஏறினவே, அந்த மூன்றுக்கு எட்டியப்பன் ஊட்டவில்லையா, ஊட்டியும் ஏறினவா, கைக்கு வராத முரட்டு எலிகளா. வேறு நாடுகளில் வேறு ஆட்கள் செய்தார்கள், ஏறத்தாழ இதேதான் வந்தது, அவர்கள் எலிகளைப் பற்றி அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். என் எலிகளைப் பற்றி எனக்குத் தெரியாது. செண்பகத்தைப் பற்றி அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. அவள் அண்ணன் செத்தபோது இவள் அழவில்லை, நடுவீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், நான் முந்திக்கொண்டு விளக்கினேன், இந்த வியாதியில் உணர்ச்சி மங்கிவிடும், மூளையிலேயே அப்படி, எலிகளில்கூடப் பார்த்திருக்கிறோம். துக்க வீட்டில் நின்றுகொண்டு எலிகளில்கூட என்று சொன்னேன். காரில் ஏறியதும் அவள் கேட்டாள், "அண்ணனுக்குச் சட்டைப் பட்டன் மாத்திப் போட்டிருந்தாங்க, நீங்க பாக்கலையா? கிட்டப் போய் ஒருதடவை சரிபண்ணி விட்டிருக்கலாம்." நான் பார்க்கவில்லை. அங்கே இருந்த நாற்பது பேரும் பார்க்கவில்லை, அழுதுகொண்டிருந்தார்கள். இருபத்துநான்கு. செக்யூரிட்டி வந்து, "வழியில கால் நீட்டாதீங்க சார், ஸ்ட்ரெச்சர் போவுது" என்கிறான். நான் நீட்டவில்லை, ஆனாலும் மடக்கிக்கொள்கிறேன். ஸ்ட்ரெச்சரில் போகிறவரின் தலை மழித்திருக்கிறது, நெற்றியில் நீலப் பேனாவால் இரண்டு புள்ளி. எங்கள் எலிகளுக்கும் அப்படித்தான், மயிரை மழித்து, புள்ளி வைத்து. செண்பகம் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பி அந்தப் புள்ளிகளையே கதவு மூடும்வரை பார்த்தாள்.

"முழிச்சிருக்கணுமாம்" என்றாள். என்ன என்றேன். "தலையைத் தொறந்து வச்சுக்கிட்டே முழிச்சிருக்கணும்னாருல்ல டாக்டர். கையைத் தூக்கு, ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் எண்ணுன்னு சொல்லுவாங்களாம்." ஆமாம், கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும், அதற்காக, என்று நான் தொடங்கினேன். அவள் என்னை விளக்க விடவில்லை. சொற்கள் அவளுக்கு மெதுவாகத்தான் வரும், ஒவ்வொன்றாக, பையிலிருந்து எடுத்துவைப்பதுபோல. "கல்யாணமான புதுசுல நீங்க எலி மண்டையில ஓட்டை போடுறதைச் சொல்லும்போது நான் கேட்டேன். அதுக்கு வலிக்காதா, அது முழிச்சிருக்குமான்னு. மயக்கம் குடுப்போம், அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னீங்க. எலிக்குன்னா மயக்கம் குடுக்கணும்னு சட்டம் இருக்குன்னு வேற சொன்னீங்க." வலி இருக்காது செண்பகம், மூளைக்கு வலி தெரியாது, தோலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். "வலியில்ல. சத்தம் கேக்கும்ல. நமக்குள்ளேயே துளைபோடுற சத்தம். எண்ணுன்னு சொல்லும்போது என் வாயி கோணினா அத்தனை பேரும் பாப்பாங்க. இந்த கை ஆடட்டும். ஆடுனாலும் என் கைதான." மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆக, காரணம் இருந்திருக்கிறது. ஒரு வாரமாக, ஒருவேளை டாக்டர் படம் போட்ட நிமிடத்திலிருந்தே. ஏம்மா என்று பிரகலாதன் கேட்டார், இரண்டு நொடி காத்திருந்தார், இவளுக்கு ஒரு வாக்கியம் வெளியே வர எட்டு நொடி ஆகும். நான் அதுவும் கேட்கவில்லை. நான் நேராக எலிகளிடம் போய்விட்டேன். எலி பசித்தும் ஏறவில்லை என்றால் வேண்டாம் என்றது வியாதி, எலிக்குப் பசிக்கவே இல்லை என்றால் வேண்டாம் என்றது இவள். என்ன கேவலமான வாய்ப்பாடு. முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளின் வேண்டாம் என்ற வார்த்தை வேண்டாம் என்றுதான் அர்த்தமா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு டம்ளர் தேவைப்படுகிறது. அதுவும் நானே கழுவிய டம்ளர். பயமாகவும் இருக்கிறது. இவள் சொல்வதைக் கேட்டு நாளைக்கு இவள் விழுந்தால், இடுப்பு ஒடிந்தால், இன்னும் நாலு வருடத்தில் விழுங்க முடியாமல் போனால், அன்று செய்திருக்கலாமே என்று எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், பிரகலாதன் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார். வியாதி என்று சொல்லிவிட்டால் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். அந்த வரியை எழுதியபோதும் அதுதானே நடந்தது, எலிக்கு மனமில்லை என்று எழுதியதும் டம்ளரை யாரும் பார்க்கவில்லை. இருபத்தைந்து.

எட்டியப்பனின் எண் மூன்று மாதமாக என் போனில் இருக்கிறது, பழைய ஸ்டோர் கீப்பரிடம் கேட்டு வாங்கியது, பலமுறை திரையில் வரவழைத்து அணைத்திருக்கிறேன். இப்போது அழுத்தினேன். "யாருக்கு?" என்றாள் செண்பகம். எட்டியப்பன்னு ஒருத்தர், எங்க லேப்ல எலி பாத்துக்கிட்டவர். "நம்ம பிள்ளை காதுகுத்துக்கு ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சு கொண்டாந்தாரே, அவரா. அவருக்குச் சாப்பாடே போடாம அனுப்பிட்டோம், பந்தி முடிஞ்சுபோச்சு." இருபது வருடத்துக்கு முந்தைய பந்தி. உணர்ச்சி மங்கிவிடும் என்று விளக்கினேனே. மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரோ பெண் எடுத்தாள், யாரு, எங்கேர்ந்து, என்று கேட்டுவிட்டு, "யப்பா, உன்னத்தான், எலி ஆபீஸ் சாராம்" என்று கத்தினாள். ஒரு பம்புசெட் சத்தம், செருப்புச் சத்தம், பிறகு அந்தக் குரல். "இன்னா சார், இத்தினி வருசம் கழிச்சி. எலி கிலி எதாச்சும் ஓடிப்போயிடுச்சா?" அவரே சிரித்துக்கொண்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை. சும்மாதான் எட்டியப்பன், ஒரு விஷயம் கேக்கணும், ரொம்பப் பழைய விஷயம். "கேளு சார்." மதுராந்தகத்துப் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தடுப்பு ஏறுற பரிசோதனை, உங்களுக்கு ஞாபகமிருக்குமோ என்னவோ. "ஏன் இல்ல. மஞ்ச முதுகு, மஞ்ச வாலு. பாவம் பசங்க." பம்புசெட்டை நிறுத்திவிட்டு வந்து அவரே தொடர்ந்தார். "அந்த டம்ளர நீதான சார் கழுவி கவுத்து வெச்சிட்டுப் போன. அன்னிக்கே வந்து கேப்பேன்னு பாத்தேன். ஒன்பது மணிக்கு வந்த, பத்து மணிக்கு வந்த, ஒண்ணுமே கேக்கல. சரி, சாருக்குத் தெரியும்போல, தெரிஞ்சிதான் வுடறாருன்னு நானும் வுட்டுட்டேன்."

பலகையில் மணியடித்து இருபத்தேழு எரிந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, "செண்பகவல்லி, செண்பகவல்லி யாரு?" என்றாள். செண்பகம் நாற்காலிக் கையைப் பிடித்து எழப் பார்த்தாள், முதல்தடவை முடியவில்லை, இரண்டாவது தடவைக்கு மூச்சு பிடித்தாள், "கூப்பிடுறாங்க" என்றாள் என்னிடம். நான் அவள் கையைப் பிடித்தேன். என் உள்ளங்கைக்குள் அந்த இரண்டு விரல்களும் தேய்ந்துகொண்டே இருந்தன, நிறுத்த முயலாமல் சும்மா பிடித்திருந்தேன். அடுத்தவங்களை அனுப்புங்க சிஸ்டர் என்றேன். "டாக்டர் உங்களுக்காகத்தான் வெயிட் பண்றாரு சார்." பரவாயில்லை, அனுப்புங்க, அம்மா வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அந்தப் பெண் என் முகத்தையும் இவள் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. செண்பகம் என்னைப் பார்த்தாள், முகத்தில் ஒன்றும் அசையவில்லை, அசையும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை. வாய்ப்பாடு தேவையில்லை, அவள் சொல்லிவிட்டாள், முடிந்தது. ஆனாலும் போனை வைக்க முடியவில்லை. எலிகளைப் பற்றி நான் எழுதிய வரி அந்தக் கதவுக்குப் பின்னால் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, இருபத்தெட்டாம் எண்காரரின் வேண்டாமுக்கும் அதையே எடுத்து நீட்டுவார்கள். "சார், லைன்ல இருக்கியா?" என்றார் எட்டியப்பன். இருக்கிறேன். செண்பகத்துக்கும் கேட்கும்படி போனை ஒலிபெருக்கியில் போட்டு இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, ஏழரை மணிக்கு அந்தக் குழாயடியில் நின்று கேட்டிருக்க வேண்டியதை, இருபத்துமூன்று வருடம் தாமதமாக, கேட்டேன்.

"எட்டியப்பன், ஒன்பது மணிக்கு நான் தூக்கிப் பாதையில விடும்போது, அதுங்களுக்குப் பசி இருந்துச்சா?"